மாடி மண்டபத்துக்கு நான் வராத காரணம்

மகன்,

போன சனிக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு "பிறகு சொல்றன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை என்றால் அதில் சம்மதம் இல்லை என்று உனக்கு அப்போதே விளங்கியிருக்கும். வெள்ளவத்தையில், காலி வீதியில், அந்தச் சாரிக் கடைக்கு மேலே இருக்கும் மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டீர்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அங்கே ஆராதனை தொடங்குகிறீர்கள். நான் வந்து முன்வரிசையில் இருந்து ஆரம்ப ஜெபம் செய்ய வேண்டும் என்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இது. நேரில் சொல்லாமல் எழுதுவதற்கு ஒரே காரணம், நீ கதைக்கத் தொடங்கினால் நான் கேட்டுக்கொண்டே இருந்துவிடுவேன். கதைக்கும் வரம் உனக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. உன் மனைவிக்கும், உன்னோடு புறப்பட்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டு. ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

உங்கள் சபையில் நடந்ததை நீ சொன்னபோது எனக்கும் நெஞ்சு கொதித்தது. ஜெப வேளையில் ஒரு பிள்ளை ஆவியில் நிறைந்து, யாருக்கும் விளங்காத அந்நிய பாஷையில் சத்தமாக ஜெபித்திருக்கிறாள். உங்கள் சபைச் செயலாளர் எழும்பிப் போய் மைக்கை நிறுத்தியிருக்கிறார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வெளியே போய், கடற்கரை ரயில் பாதைப் பக்கமாக நின்றாளாம். நீதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாய். மைக்கை நிறுத்தியது பிழை. அதை அவரிடமே சொல்லிவிட்டேன்; எப்போது, எப்படி என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு நீ சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. "அம்மா, அங்க ஆவியானவருக்கு இடமில்ல. வரம் உள்ளவங்கள் எல்லாரும் எங்களோட வாறாங்கள்" என்றாய். வரம் உள்ளவர்கள் எல்லாரும் உன்னோடு வந்தால், அங்கே மிஞ்சி இருப்பவர்கள் யார், மகன்? அவர்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை என்று உனக்கு யார் சொன்னது?

றீற்றா அன்ரியை உனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் நம் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிறு பள்ளியில் உனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அவர் வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனது உனக்குத் தெரியும், ஆனால் நீ அப்போது கட்டாரில் வேலையில் இருந்தாய். தொலைபேசியில் நான் உனக்குச் சொன்னது பாதிதான். மிச்சப் பாதியை இப்போது கேள். நீ எடுத்திருக்கும் முடிவை இங்கே கொட்டாஞ்சேனையில் எங்கள் சபையும் ஒருக்கால் எடுக்கப் பார்த்தது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் றீற்றா என்னைப் பாடகர் குழு உடுப்பு மாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "மிஸ்ஸி, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தாள். நேர்ஸாக, எல்லாருக்கும் மிஸ்ஸியாக, சத்திரசிகிச்சை வார்ட்டிலேயே என் காலம் போனது. விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. முகத்தில் காட்டாமல், "நாளைக்குக் காலமை கிளினிக்குக்குப் போவம்" என்றேன். போனோம். கட்டியில் துளி எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. பயப்பட வேண்டாம், நேரத்தோடு வந்துவிட்டீர்கள், எடுத்துவிடலாம் என்று டொக்டர் சொல்லி, சத்திரசிகிச்சைக்குத் திகதியும் தந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது றீற்றா என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. இவள் தப்புவாள் என்று என் அனுபவம் சொன்னது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் உபவாச ஜெபத்துக்குப் போனாள். நம் சபை மண்டபத்தில் நேசன் அங்கிள் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் ஜெபம் அது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், முகத்துவாரத்தில் வீடு. அவருடைய ஜெபத்துக்கு வரும் சனமும் அநேகமாக அந்தப் பக்கத்துச் சனம்தான்: மீன்பிடிக் குடும்பங்கள், துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள். அன்றைக்கு அவர் றீற்றாவின் தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறார். அவள் நடுங்கிக் கீழே விழுந்திருக்கிறாள். எழும்பியபோது நோவு போய்விட்டது என்றிருக்கிறாள். "கர்த்தர் சுகமாக்கிப்போட்டார், றீற்றா" என்று நேசன் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். சத்திரசிகிச்சைத் திகதி வந்தது. அவள் போகவில்லை.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். மாவைக் குழைத்துக்கொண்டு நின்றவள் கையைக் கழுவவும் இல்லை. "மிஸ்ஸி, கோவிக்காதேங்கோ. நீங்கள் மருந்தை நம்புறியள், நான் கர்த்தரை நம்புறன்" என்றாள். நானும் கர்த்தரை நம்பித்தான் ஒவ்வொரு நாளும் வார்ட்டுக்குப் போனவள் என்று சொன்னேன். கட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "கட்டியைப் பாக்கிறது அவிசுவாசம்" என்றாள். திரும்பவும் போனேன். பிறகும் போனேன். கடைசியில் அவளுடைய கணவன் அன்ரன், பேலியகொடை மீன் சந்தையில் வேலை செய்பவர், வாசலிலேயே நின்று, "அவ நித்திரை கொள்றா மிஸ்ஸி" என்று கண்ணைப் பார்க்காமல் சொன்னார். உள்ளே அவளுடைய குரல் பாடிக்கொண்டிருந்தது.

இந்தச் செய்தி சபைக்குள் பரவியது. தேவராசா மாஸ்டர் எங்கள் சபைக்கு அப்போதும் செயலாளர். ஆராதனை குறித்த நேரத்தில் தொடங்கி குறித்த நேரத்தில் முடிய வேண்டும், பாட்டு இலக்கம் பலகையில் சரியாக இருக்க வேண்டும் என்று நிற்கும் மனிதர். வெள்ளிக்கிழமைச் சத்தம் அவருக்கு எப்போதும் பிடிக்கவில்லை. இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. உபவாச ஜெபத்தை நிறுத்த வேண்டும், மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று சபைக் கூட்டத்தைக் கூட்டினார். நேசனுடைய ஆட்களும் ஆயத்தமாகத்தான் வந்தார்கள். முகத்துவாரத்தில் ஒரு கொட்டகை பார்த்திருந்தார்கள். மண்டபத்தைப் பூட்டினால் அடுத்த ஞாயிறே பிரிந்து போவது என்று தீர்மானம். நடுவில் இருந்த நடைபாதைக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் மற்றவர்கள். திருவிருந்தில் ஒரே அப்பத்தை எடுத்த சனம் அப்படி இரண்டாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. போதகர் ஐயா பாவம், புதிதாக வந்தவர். ஜெபம் செய்து தொடக்கிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

நேசன் கள்ளன் இல்லை என்பதை நீ மறந்துவிடாதே. உன் அப்பா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து, கிறீஸ் மணக்கும் உடுப்போடு நேரே நம் வீட்டுக்கு வந்தவர் அவர்தான். அப்பாவைச் சுகமாக்க அவரால் முடியவில்லை. ஆனால் அப்பாவுக்குச் சாவில் இருந்த பயத்தை எடுத்துப்போட்டது அவருடைய ஜெபம்தான். நான் ஊசி போட்டேன், துடைத்தேன், திருப்பிப் படுக்கவைத்தேன். அந்தப் பயத்தில் என் கை படவே இல்லை. நேசன் வந்து அப்பாவின் நெஞ்சில் கைவைத்தால் மூச்சு ஆறுதலாகும். அதை நான் கண்ணால் கண்டவள். அதனால்தான் அன்றைக்கு எனக்கு அவ்வளவு வேதனை. பொய்யன் ஒருவன் செய்திருந்தால் பொலிசுக்குப் போயிருப்பேன். உண்மையான வரம் உள்ள ஒரு மனிதன் தன் வரத்தின் எல்லையைத் தாண்டிக் காலை வைத்துவிட்டான். அவனை என்ன செய்வது?

மாஸ்டர் தன் பேச்சை முடித்துவிட்டு, "மிஸ்ஸி எழும்பிச் சொல்லட்டும், அவவுக்குத்தான் உண்மை தெரியும்" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். நான் நேசனைக் கிழிப்பேன் என்று ஒரு பக்கம் காத்திருந்தது, மற்றப் பக்கம் பயந்திருந்தது. நான் எழும்பினேன். "மண்டபத்தைப் பூட்டினா றீற்றா எங்க போவா எண்டு யோசிச்சியளா?" என்று மாஸ்டரைக் கேட்டேன். "அவ கொட்டகைக்குப் போவா. அங்க ஒரு நேர்ஸும் இருக்கமாட்டா. அவவின்ர கட்டியைத் தெரிஞ்ச ஒருத்தரும் இருக்கமாட்டினம். பூட்டினா நீங்கள் அவவைச் சாகத்தான் அனுப்புறியள்."

பிறகு நேசன் பக்கம் திரும்பினேன். "நேசன், அந்தக் கட்டி போகேல்ல. பெருக்குது, சட்டைக்கு மேலாலயே தெரியுது. நான் சொல்லிப் பாத்திட்டன், அவ வரமாட்டா எண்டிட்டா."

"நீங்கள் என்ர விசுவாசத்தைச் சோதிக்கிறியளா, மிஸ்ஸி?" என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

"இல்ல. உங்கட வரத்தை உதவியாக் கேக்கிறன். எனக்கு அது இல்ல. நான் சொன்னது சரி, ஆனா அவ என்னை நம்பேல்ல. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னா எழும்பி வருவா. அது கர்த்தர் உங்களுக்குத் தந்தது, எனக்குத் தரேல்ல. என்னோட வாங்கோ."

நேசன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டார். அவருடைய ஆட்கள் பலரும் பின்னால் போனார்கள். மாஸ்டர் தீர்மானத்தை வாக்குக்கு விட வாயைத் திறந்தார். அப்போதுதான் போதகர் ஐயா முதல் தடவையாக, "இண்டைக்கு வாக்கு இல்ல. ஒரு கிழமைக்கு எல்லாரும் ஜெபிப்பம்" என்று உறுதியாகச் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காகவே அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

அந்தக் கிழமை முழுவதும் நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை விடியக் காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நேசன் வேலைக்குப் போகும் உடுப்போடு நின்றார். கண் வீங்கியிருந்தது. உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. "மிஸ்ஸி, நான் ஜெபத்தில கேட்டன். நோவு போனது உண்மை. அது அவர் செய்தது. ஆனா 'சுகமாக்கிப்போட்டார்' எண்டு சொன்னது அவர் சொன்னதா, என்ர ஆசையா எண்டு கேட்டன். என்ர ஆசைதான், மிஸ்ஸி. எனக்கு அவவைச் சாகவிட ஏலாமக் கிடந்தது" என்றார். ஒரு பெரிய ஆம்பிளை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அப்படியே அவரோடு இறங்கினேன்.

றீற்றா எங்களைக் கண்டதும் முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கிறோம் என்பது விளங்கிச் சிரிப்பு நின்றது. அவள் நெஞ்சில் துணியை மடித்து வைத்திருந்தாள். அதில் இருந்து வந்த மணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: தோல் உடைந்துவிட்டது. நேசன் நிலத்தில் அவளுக்கு முன்னால் இருந்தார். "றீற்றா, நான் ஜெபிச்சதை நான் திருப்பி எடுக்கேல்ல. ஆனா கர்த்தர் சொல்லாத ஒண்டை அவர் சொன்னதாச் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள். அவருக்கு என்ர கையும் இருக்கு, மிஸ்ஸியின்ர கையும் இருக்கு, டொக்டர்மாற்ற கையும் இருக்கு. எதால செய்யிறதெண்டு அவருக்கு நாங்கள் சொல்லேலாது. எழும்பு. நாங்கள் ரெண்டு பேரும் உன்னோட வாறம்."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப நான் விசுவாசம் இல்லாதவளா, அண்ணன்?" என்று கேட்டாள். "இல்ல, இப்பதான் உனக்கு நிறைய விசுவாசம் தேவைப்படப்போகுது" என்றார் நேசன். அவள் எழும்பி உடுப்பு மாற்றப் போனாள். அன்ரன் அடுப்பை அணைத்தார். நான் எத்தனை நாள் சொல்லியும் நடக்காதது, அவர் சொல்லிக் கொஞ்ச நேரத்தில் நடந்தது. பொறாமை வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய நன்றி வந்தது.

மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களைக் கோபத்தோடு பேசினார். நியாயமான பேச்சு, கேட்டுக்கொண்டு நின்றோம். முதலிலேயே வந்திருந்தால் வெட்டி எடுப்பதோடு முடிந்திருக்கும். இப்போது முதலில் மருந்து ஏற்றிச் சுருக்க வேண்டும், பிறகுதான் வெட்டலாம், அக்குளிலும் பரவிவிட்டது என்றார். மாதக்கணக்கில் போய்வர வேண்டும். அன்ரன் சந்தைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. இங்கேதான் மாஸ்டர் வந்தார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் தானாக றீற்றா வீட்டுக்குப் போய், எந்தெந்த நாள் போக வேண்டும் என்று விசாரித்து, யார் கூடப் போவது, யார் வீட்டில் இருந்து சாப்பாடு, யாருடைய வேன் என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். வெள்ளிக்கிழமை ஆட்களையும் ஞாயிற்றுக்கிழமை ஆட்களையும் வேண்டுமென்றே கலந்து ஒரே வேனில் போட்டார். நான் நன்றி சொன்னபோது கொஞ்சம் வெட்கத்தோடு, "எனக்கு அந்நிய பாஷை வராது, மிஸ்ஸி. டைம்டேபிள் போட வரும்" என்றார். அத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட றீற்றா தனியாகப் போகவில்லை, பசியோடு திரும்பவும் இல்லை. ஒழுங்கு என்பதும் ஆவியானவர் தரும் வரம் என்று நான் கண்டுகொண்டது அந்த வேனுக்குள்ளேதான், மகன்.

வார்ட்டில் மருந்து ஏறும்போது நேசன் பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் ஜெபிப்பார். சபை மண்டபத்தில் கூரை அதிர ஜெபிக்கும் மனிதர் அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஜெபிக்கப் பழகினார். அடுத்த கதிரையில் இருந்த ஒரு சிங்களப் பெண், வேறு சமயத்தவள், ஒரு நாள் "அய்யே" என்று, அண்ணன் என்ற முறையில் கூப்பிட்டுத் தனக்காகவும் கேட்கச் சொன்னாள். துறைமுகத்தில் பழகிய உடைந்த சிங்களத்தில் அவர் ஜெபித்தார். நான் அந்தப் பெண்ணின் கையில் ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவரவர் வேலையை அவரவர் செய்தோம். றீற்றா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் உயிரோடு இருக்கிறாள். ஆனால் தாமதித்ததற்கு விலை கொடுத்தாள். அக்குளிலும் வெட்டியதால் வலது கை வீங்கி நிற்கிறது. இடியப்ப உரலைப் பிடித்து அழுத்த முடியாது. இப்போது அன்ரன் சந்தையை விட்டுவிட்டு உரலைப் பிடிக்கிறார், அவள் பக்கத்தில் இருந்து மாவின் பதம் சொல்கிறாள். சபையும் காயமில்லாமல் தப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதால் நேசன் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று சில குடும்பங்கள் பிரிந்து போயின. வெள்ளிக்கிழமை ஜெபம் தொடர்ந்ததால் மாஸ்டர் பக்கத்திலும் சிலர் போனார்கள். மிச்சப் பேர் இருந்தோம். இன்றைக்கும் நேசன் கைவைத்து ஜெபிக்கிறார், கைவைக்க முதல், "அடுத்த கிளினிக் எப்ப?" என்று கேட்கிறார். அந்நிய பாஷையும் கேட்கிறது, அதை நிதானித்துப் பார்ப்பதற்கு இரண்டு மூத்தவர்களும் இருக்கிறார்கள். மாஸ்டர் இப்போது வெள்ளிக்கிழமைகளில் கடைசி வரிசை வாங்கில் வந்து இருக்கிறார். கையைத் தூக்கமாட்டார், கண்ணை மூடமாட்டார். ஆனால் வருகிறார்.

இப்போது உன் மாடி மண்டபத்தை யோசித்துப் பார். எல்லாரும் உன் வயது. எல்லாருக்கும் ஒரே பாட்டு, ஒரே ஜெபம், ஒரே சூடு. நீ கதைத்தால் எல்லாரும் ஆமென் சொல்வார்கள். ஒரு சரீரம், பல அவயவங்கள் என்று நீயே எவ்வளவு அழகாகப் பிரசங்கித்திருக்கிறாய். அந்த மண்டபத்தில் இருக்கப்போவது முழுக்க வாய்தானே, மகன். நீ ஒரு நாள் ஆசையில் ஒன்றைச் சொல்லிவிட்டு அது கர்த்தர் சொன்னது என்று நினைத்தால், எழும்பி "இல்லை" என்று சொல்ல அங்கே யார் இருப்பார்கள்? உன் வார்த்தையை நம்பி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால், துணியின் மணத்தில் அதைக் கண்டுபிடிக்க அங்கே யார் இருப்பார்கள்? நேசனைக் காப்பாற்றியது, அவரோடு ஒத்துப்போகாத ஒருத்தி அவர் பக்கத்து வாங்கில் இருந்ததுதான். என்னைக் காப்பாற்றியதும் அதுவேதான். அவர் இல்லாவிட்டால் நான் சரியாகவே இருந்துகொண்டு றீற்றாவைப் புதைத்திருப்பேன்.

மைக்கை நிறுத்திய உங்கள் செயலாளரைப் போன செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் மாறி மாறி வெள்ளவத்தைக்கு வந்து, உன் வீட்டுக்கு வராமல் நேரே அவருடைய வீட்டுக்குப் போனேன். அதற்காக நீ கோபிக்கலாம், கோபித்துக்கொள். "நீங்கள் செய்தது பிழை. அந்தப் பிள்ளையிட்ட நீங்கள்தான் மன்னிப்புக் கேக்க வேணும்" என்று தேத்தண்ணி வைக்க முதலே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "எனக்கு அது விளங்கேல்ல, அக்கா. விளங்காததுக்குப் பயந்திட்டன்" என்றார். பிறகு, "உங்கட மகன் கதைக்கிற மாதிரிக் கதைக்க எங்கட சபையில வேற ஒருத்தரும் இல்ல. அவன் போனா எங்களுக்கு ஆர்?" என்றார். இதை அவர் உன்னிடம் சொல்லமாட்டார். சொல்லத் தெரியாத மனிதர். அதனால் நான் சொல்கிறேன்.

ஆகவே என் பதில்: முதல் ஞாயிறு நான் உன் மாடி மண்டபத்துக்கு வரமாட்டேன். அன்றைக்கு உங்கள் பழைய சபையில் இருப்பேன். ஆராதனை முடிந்து பின் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும் நேரம் செயலாளரும் அங்கே நிற்பார், சொல்லிவிட்டேன், சம்மதித்துவிட்டார். நீ அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அவர் கேட்க வேண்டியதை அவர் கேட்கட்டும், நீ கேட்க வேண்டியதை நீ கேள். விட்டுக்கொடு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை ஜெபிப்பதற்கு இடம் கேள், சத்தமாகவே கேள், நானும் உன் பக்கத்தில் நின்று கேட்பேன். முகத்துக்கு முகம் பார்த்துக் கதைத்து, சேர்ந்து ஜெபித்து, அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்று உனக்குத் தெளிவாகப்பட்டால், போ. அப்போது படி ஏறி வந்து ஆரம்ப ஜெபத்தை நானே செய்வேன். அதற்கு முன் செய்யமாட்டேன்.

அந்த ஞாயிறு நீ வராவிட்டால் அடுத்த ஞாயிறும் நான் அங்கேதான் இருப்பேன். அதற்கடுத்த ஞாயிறும். என் பக்கத்தில் உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடம் பிடித்து வைத்திருப்பேன். யார் வந்து கேட்டாலும் ஆள் வருது என்றுதான் சொல்வேன்.

அம்மா
கொட்டாஞ்சேனை